காயமில்லாத மாகாணம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது: மனிதகுலம் முகத்தில் முடி முளைத்த நாளிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரு மகத்தான நிகழ்ச்சி, வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் மாகாணத்தில் நடைபெற இருக்கிறது. அன்றோடு எங்கள் மாகாணத்தின் நாலாயிரத்துச் சொச்சம் முடிதிருத்துநர்களும் தொடர்ந்து தொண்ணூறு நாட்கள் ஒரு சொட்டு ரத்தம்கூடச் சிந்தாமல் தொழில் நடத்தியவர்கள் ஆகிறார்கள். நைல் நதி பாயும் நாடுகள் எதிலும் இப்படி நடந்ததில்லை. நடக்கவும் நடக்காது.

இந்த அறிவிப்பு கால்வாய்ப் பாலத்தின் குறுக்கே பன்னிரண்டு மீட்டர் பேனராகத் தொங்கியது. அதில் டாக்டர் ஃபக்ரியின் முகம் பத்து மீட்டர். மீதி இரண்டு மீட்டரில் விஷயம்.

டாக்டர் ஃபக்ரி அல்-ஷர்னூபி, மாகாண முடிதிருத்துநர் ரத்தக் காப்பு ஒருங்கிணைப்பு உயர்மட்டக் குழுவின் தலைவர். குழுவின் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்பதால் தலைவரானார் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். குழு பிறந்த கதை சுருக்கமானது. கெய்ரோவில் யாரோ ஒரு மருத்துவர் சலூன்காரர்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். கல்லீரலைக் கெடுக்கும் பி, சி என்ற இரண்டு வைரஸ்களும் மற்றவர்களைவிட அவர்களிடம் அதிகம் இருப்பதைக் கண்டார். பிளேடு தருகிற சின்னச் சின்ன வெட்டுகள் வழியாகத்தான் வாடிக்கையாளர் ரத்தம் இவர்கள் ரத்தத்தில் கலக்கிறது, பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, மற்றதற்குக் கையுறையும் கவனமும் போதும் என்று ஆறு பக்கத்தில் எழுதிவிட்டார். ஆறு பக்கம் என்பது அரசாங்கத்துக்கு மரியாதைக் குறைவு. அதை அறுநூறு பக்கமாக்கும் பொறுப்பு டாக்டர் ஃபக்ரிக்கு வந்தது.

குழுவில் பதினேழு பேர். கண் மருத்துவர் ஒருவர், கால்நடை மருத்துவர் ஒருவர், நீர்ப்பாசனத் துறையிலிருந்து இருவர், யார் அனுப்பினார்கள் என்று கடைசிவரை தெரியாத மூவர், இப்படி. சலூன்காரர் மட்டும் இல்லை. பத்திரிகைக்காரன் ஒருவன் இதைக் கேட்டபோது டாக்டர் ஃபக்ரி சிரித்தார். "கோழிக் காய்ச்சல் தடுப்புக் குழுவுல கோழியை உக்கார வெச்சோமா தம்பி?"

முதல் கூட்டம் செங்கடல் ஓரம் ஓர் ஓட்டலில் நான்கு நாள் நடந்தது. அதில் ஒன்றரை நாள், குழுவின் சின்னத்தில் கத்தரிக்கோல் வலப்பக்கம் பார்க்க வேண்டுமா இடப்பக்கம் பார்க்க வேண்டுமா என்ற கேள்விக்குப் போனது. கையுறை பற்றிய பேச்சு கடைசி நாள் மதியத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அன்று மீன் நன்றாக இருந்ததால் பேச்சு ஒத்திவைக்கப்பட்டது.

பிறகு ஒவ்வொரு சலூனுக்கும் அரசாங்கம் இறங்கி வந்தது. பயன்படுத்திய பிளேடைப் போட்டுக் கணக்கோடு திருப்பித் தர, பூட்டுப் போட்ட மஞ்சள் பெட்டி ஒன்று. 'என் ரத்தம் என் நாடு' என்று எழுதிய பலகை ஒன்று. மாதத்துக்கு நூறு பிளேடு. தடுப்பூசியும் வந்தது, இருநூறு டோஸ். மாகாணத்துக்கென்று வந்த மருந்து அவ்வளவும் அதுதான். அதைச் சுகாதார இயக்குநரகத்துக் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். தொடக்க விழா நடக்காமல் ஊசியைத் தொடங்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

மீத் ஸர்கானில் புறாச் சந்தைக்கு எதிரே அத்வாவின் சலூன். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி. இருபத்து நாலு வருடத் தொழில்; ஊருக்கே அவர் 'உஸ்தா', கைதேர்ந்த தொழிலாளி. அத்வா சவரம் செய்வது எங்கள் நாட்டில் எல்லாரும் செய்கிற மாதிரிதான். இரண்டு பக்கமும் முனையுள்ள பிளேடைக் காகிதத்தோடு சேர்த்து வளைத்து, நீளவாக்கில் டக்கென்று இரண்டாக ஒடிப்பார். ஒரு பாதி மடக்குக் கத்திக்குள் போகும். மறு பாதி அடுத்த ஆளுக்கு. ஒரு பிளேடு, இரண்டு முகம். முழு பிளேடு மடக்குக் கத்திக்குள் நுழையாது என்பது எங்கள் ஊரில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும். பதினேழு பேருக்குத் தெரியவில்லை.

முதல் மாதக் கடைசியில் ஆய்வாளர் உஸ்தாத் ஷவ்கத் வந்தார். மூக்கை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றார். சலூனுக்குள் நுழைந்தால் நோய் வரும் என்று ஆய்வாளர் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மஞ்சள் பெட்டியை வாசலுக்கு வரவழைத்து, பூட்டைத் திறந்து, நீளமான இடுக்கியால் ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்றரை மணி நேரம் ஆனது. நாற்காலியில் பாதிச் சவரத்தோடு உட்கார்ந்திருந்தவர் சோப்பு காய்ந்து தூங்கிவிட்டார்.

"என்ன உஸ்தா இது?"

"பிளேடு பாஷா."

"அது தெரியுது. நாங்க குடுத்தது எத்தனை?"

"நூறு. ரெண்டு இன்னும் பிரிக்கல. தொண்ணூத்தெட்டு பெட்டிக்குள்ள."

"பெட்டிக்குள்ள நூத்தித் தொண்ணூத்தாறு இருக்கு."

"ஆமா. பாதி பாதி."

ஷவ்கத் படிவத்தைப் புரட்டினார். "வழங்கியவைன்னு ஒரு கட்டம். திரும்பியவைன்னு ஒரு கட்டம். பாதின்னு கட்டமே இல்லையே. அரசாங்கம் நூறு குடுக்குது, நீ நூத்தித் தொண்ணூத்தாறு திருப்பிக் குடுக்கற. மிச்சத்தை எங்கேருந்து கடத்திக்கிட்டு வந்த? லிபியாவா?"

அத்வாவுக்கு வேறு வழி தெரியவில்லை. புது பிளேடு ஒன்றை எடுத்து அவர் கண்ணெதிரே டக்கென்று ஒடித்துக் காட்டினார்.

"அல்லாவே! அரசாங்கச் சொத்தை என் முன்னாடியே உடைக்கற!"

"இப்படித்தான் பாஷா கத்தியில போகும். உங்க அப்பாவுக்குச் சவரம் செஞ்சவனும் இப்படித்தான் உடைச்சிருப்பான்."

"எங்க அப்பாவை இழுக்காத. அது என்ன கல்லு?" கண்ணாடிக்குக் கீழே கிடந்த படிகாரக் கட்டியை இடுக்கி சுட்டியது.

"படிகாரம். எங்கயாவது கீறி ரத்தம் வந்தா..."

"உஷ்! அந்த வார்த்தையைச் சொல்லாத. என் காதுல விழுந்தா நான் எழுதணும். எழுதினா டாக்டர் ஃபக்ரி படிக்கணும்."

ஊரில் கீறுபட்ட அத்தனை தாடைகளையும் தடவி வழவழப்பான அந்தக் கல்லைப் பற்றி விதிமுறைகளில் ஒரு வரியும் இல்லை. பாதி பிளேடைப் பற்றி அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. எண் இருபத்திரண்டு. 'சில முடிதிருத்துநர்கள் தங்கள் அறியாமையால் பிளேடுகளைச் சேதப்படுத்தி வருவது குழுவின் கவனத்துக்கு வந்துள்ளது. அவ்வாறு சேதமுற்ற பிளேடுகள், பயன்படுத்திய பின், ஒளி ஊடுருவும் ஒட்டுநாடா கொண்டு முனைகள் பொருந்துமாறு இணைக்கப்பட்டு, முழு வடிவில் ஒப்படைக்கப்பட வேண்டும். இரு பாதிகளும் ஒரே பிளேடைச் சேர்ந்தவையாக இருத்தல் விரும்பத்தக்கது.'

ஒட்டாமல் விட்டவர்களின் கடைக்கு சீல் வைக்கப்படும் என்று கடைசி வரி சொன்னது. எங்கள் மாகாணத்துச் சலூன்காரர்கள் அன்றிலிருந்து, ஊரார் ரத்தம் காய்ந்த பிளேடுகளை வெறுங்கையால் எடுத்து, ஒட்டி, காக்கப்பட ஆரம்பித்தார்கள்.

எங்கள் நாட்டில் திங்கட்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. அந்தத் திங்கட்கிழமை, விழாவுக்கு மூன்று நாள் முன்பு, அத்வா கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் பெட்டி எடுக்க வருவார்கள். மனைவி நஜாத் ஒட்டுநாடாவைக் கிழித்துக் கிழித்து மேஜை ஓரத்தில் தொங்கவிட்டாள்.

"அபூ ஹனான், இது என்ன பிழைப்பு? நம்ம பொண்ணு ஹனான் இஸ்கூல்ல ஒட்டுற வேலை இது."

"பேசாம கிழி."

"இதுல இருக்கறது யாரு ரத்தம்?"

"எல்லாரு ரத்தமும்தான். நீ தொடாத. நாடாவை மட்டும் குடு."

தட்டின் ஓரத்தில் ஒரு பாதி தனியாகக் கிடந்தது. முந்தின நாள் மாலை தர்பூசணி மொத்த வியாபாரி ஹாஜ் பஸ்யூனிக்குச் சவரம் செய்த பாதி அது. ஹாஜ் நல்ல மனிதர், நாற்காலியில் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுவார். "மெதுவா உஸ்தா. என் ரத்தம் நல்ல ரத்தம் இல்ல. பி-ன்னு சீட்டுல எழுதிக் குடுத்திருக்கான்." அத்வா மெதுவாகத்தான் செய்தார். தாடைக்கு அடியில் இருந்த பரு சொல் பேச்சுக் கேட்கவில்லை. அந்தப் பாதியைத் தனியே வைத்து, அப்படியே கடாசிவிட நினைத்தார். கடாசினால் எண்ணிக்கையில் ஒன்று குறையும்.

அதை எடுத்து அதன் ஜோடியோடு பொருத்தினார். முனைகள் பொருந்த வேண்டும் அல்லவா? அழுத்தினார். நாடா வழுக்கியது. இடது கட்டைவிரலின் சதையில் பிளேடு ஆழமாகவே இறங்கியது.

நஜாத் கத்தினாள். அத்வா பழக்கதோஷத்தில் படிகாரக் கல்லை எடுத்து வெட்டில் தேய்த்தார்.

சுகாதார நிலையம் இரண்டு மணிக்கு மூடும். ஒன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நர்ஸ் இஹ்சான் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பையை மேஜையில் போட்டாள்.

"சோப்புத் தண்ணியில கழுவுனீங்களா?"

"படிகாரம் வெச்சேன் சிஸ்டர்."

"எந்தப் படிகாரம்? உங்க கடைக் கல்லா? ஊர்ல பாதிப் பேர் ரத்தம் அந்தக் கல்லுல இருக்கு உஸ்தா! உங்களுக்கு ஹாஜ் பஸ்யூனி ரத்தம் மட்டும் போதாதா?" குழாயைத் திறந்து அவர் விரலை அடியில் பிடித்தாள். "பி-க்கு ஊசி போட்டிருக்கீங்களா, எப்பவாவது?"

"விழாவுக்கு அப்புறம் போடறதா சொன்னாங்க."

"கேளுங்க. இந்த ஊசியை நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போட்டுட்டா பெரும்பாலும் தப்பிச்சிடலாம். தள்ளிப் போகப் போக ஊசிக்குப் பலம் குறையும். ஒரு வாரம் போச்சுன்னா போட்டும் ஒண்ணும் இல்ல. இங்க இல்ல. மருந்துக் கடையிலயும் இல்ல. இருக்கறதெல்லாம் டாக்டர் ஃபக்ரி பெட்டியிலதான். காலையில கதவு திறக்கறப்போ நீங்க வாசல்ல நிக்கணும்."

நஜாத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "சிஸ்டர், எனக்கும்... வீட்டுல ஒண்ணா இருந்தா?"

இஹ்சான் அவளைப் பார்த்தாள். "ஊசி போடற வரைக்கும் கொஞ்சம் தள்ளி இருங்க. சாப்பாட்டுல தண்ணியில ஒட்டாது, பயப்படாதீங்க."

ஆனாலும் அன்று அத்வா தன் தேநீர்க் குவளையை மகளின் குவளைக்குப் பக்கத்தில் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இயக்குநரக வாசலில் நின்றார். முகப்பில் பெரிய பலகை. ஓவியர் ஒருவர் ஏணியில் ஏறி, பழைய எண்ணை அழித்து, 'காயமில்லா நாள்: 88' என்று எழுதிக்கொண்டிருந்தார். மேஜையில் ஷவ்கத்.

"காயப் படிவம் எங்க உஸ்தா?"

"நீங்கதான் தரணும் பாஷா."

"நாங்க அடிக்கலையே. எண்பத்தெட்டு நாளா காயமே இல்லாத மாகாணம் இது. காயப் படிவம் அடிச்சா அரசாங்கப் பணம் வீண்தானே?"

"சரி, படிவம் வேண்டாம். ஊசி மட்டும் போடுங்க."

"படிவம் இல்லாம ஊசியா? குளிர்பெட்டி சாவி காயப் பதிவேட்டோட சேத்துக் கட்டியிருக்கு. பதிவேடு திறந்தாதான் சாவி."

"காயம் இருக்கே பாஷா. பாருங்க." அத்வா விரலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்துக் காட்டினார்.

ஷவ்கத் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது உன் விரல்ல இருக்கு. பதிவேட்டுல இல்ல."

பதினோரு மணிக்கு டாக்டர் ஃபக்ரி வந்தார். சென்ட் மணக்கும் மனிதர். வெள்ளைக் கோட்டின் பையில் மூன்று பேனா. அத்வாவின் கதையைக் கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் ஒரு முறை திறந்து, மூடினார்.

"உஸ்தா, நீங்க அப்போ சவரம் செஞ்சுக்கிட்டிருந்தீங்களா?"

"இல்ல பாஷா. ஒட்டிக்கிட்டிருந்தேன். உங்க சுற்றறிக்கைப்படி."

"கடை திறந்திருந்ததா?"

"திங்கட்கிழமை."

"பாத்தீங்களா?" டாக்டர் ஃபக்ரியின் முகம் மலர்ந்தது. "தொழில் நடக்கல. கடை லீவு. கையில இருந்தது ஒட்டுநாடா. இது முடிதிருத்துநர் காயமே இல்ல. எழுதுபொருள் காயம். ஷவ்கத், இவரை மாடிக்கு அனுப்பு, குமாஸ்தாக்கள் நலப் பிரிவு."

மாடியில் குமாஸ்தாக்கள் நலப் பிரிவு அன்போடு வரவேற்றது. எழுதுபொருள் காயத்துக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்றது. அத்வா அரசு ஊழியர் இல்லை என்று தெரிந்ததும் விடுப்பை ரத்து செய்து கீழே அனுப்பியது. கீழே வந்தபோது மணி இரண்டேகால். இஹ்சான் சொன்ன மத்தியானம் முடிந்துவிட்டது. டாக்டர் ஃபக்ரி மறுநாள் ஒரு மருத்துவ வாரியம் கூடி இந்த விரலைப் பற்றி முடிவெடுக்கும் என்று உத்தரவிட்டிருந்தார். சாட்சி இருந்தால் அழைத்து வரலாம்.

புதன்கிழமை அத்வா ஹாஜ் பஸ்யூனியை அழைத்துப் போனார். ஹாஜ் புதுத் தலைப்பாகை கட்டியிருந்தார். வாரியத்தில் டாக்டர் ஃபக்ரி, கண் மருத்துவர், கால்நடை மருத்துவர். ஓரத்தில் பதிவு எழுத ஷவ்கத்.

"என் ரத்தந்தான் டாக்டர்," என்றார் ஹாஜ். "பி. சீட்டு கொண்டாந்திருக்கேன். பொய்யில்ல. இவனுக்கு ஊசி போடுங்க, நான் போய் லாரியை இறக்கணும்."

டாக்டர் ஃபக்ரி சீட்டைத் தொடாமல் பார்த்தார். "நீங்க முடிதிருத்துநரா?"

"தர்பூசணி."

"அப்ப உங்க ரத்தம் எங்க குழுவோட வரம்புல வராது."

"என் ரத்தம் கெட்ட ரத்தம்னு நானே ஒத்துக்கறேன்! ஊர்ல எவனாவது இப்படி ஒத்துக்குவானா? அதையும் நம்ப மாட்டீங்களா?"

"நம்பறோம் ஹாஜ். பதிவு செய்ய முடியாது, அவ்வளவுதான்."

கால்நடை மருத்துவர் விரலைக் கூர்ந்து பார்த்துவிட்டு, வெட்டு சுத்தமாக இருக்கிறது, ஆட்டுக்கு என்றால் கவலைப்பட மாட்டேன் என்றார். கண் மருத்துவர் விபத்தை நடித்துக் காட்டச் சொன்னார். அத்வா பிளேடை எடுத்ததும் டாக்டர் ஃபக்ரி தடுத்தார். "இவர் கட்சிக்காரர். நடுநிலையான ஒருத்தர் செய்யட்டும். ஷவ்கத், நீ ஒடிச்சுக் காட்டு."

மேஜைமேல் புத்தம் புதிய பிளேடு. ஷவ்கத் காகிதத்தைப் பிரித்துவிட்டு வெறும் பிளேடை இரண்டு விரலால் பிடித்தார்.

"காகிதத்தோட பாஷா! காகிதத்தோட ஒடிக்கணும்!" என்று அத்வா எழுந்தார்.

"உட்காரு. எனக்குச் சொல்லித் தராத." டக். "ஐயோ, அம்மா!"

அதன் பிறகு நடந்தது எங்கள் மாகாண நிர்வாகத்தின் வேகத்துக்கு நிரந்தரச் சான்று. கண் மருத்துவர் தண்ணீர் கொண்டு வந்தார். கால்நடை மருத்துவர் விசிறினார். டாக்டர் ஃபக்ரியே எழுந்து, பதிவேட்டோடு கட்டியிருந்த சாவியைப் பல்லால் அவிழ்த்துப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். மேல் தட்டுகள் மூன்றிலும் மறுநாள் விருந்தினருக்கான பாலரிசிப் பாயசக் கிண்ணங்கள். அடித்தட்டில் தடுப்பூசி. ஷவ்கத்தின் தோளில் ஊசி இறங்கும்போது, அவர் 'ஐயோ' என்று அலறி நாலு நிமிடந்தான் ஆகியிருந்தது. மனசு தேற ஒரு கிண்ணம் பாயசமும் கொடுத்தார்கள்.

அத்வா பார்த்துக்கொண்டே நின்றார். "பாஷா, அது புது பிளேடு. அதுல யாரு ரத்தமும் இல்ல."

"அதனாலதான் உஸ்தா," என்றார் டாக்டர் ஃபக்ரி, கை கழுவியபடி. "சுத்தமா இருக்கறவங்களைத்தான் முதல்ல காப்பாத்தணும். மருத்துவக் கல்லூரியில முதல் வருஷமே சொல்லித் தருவாங்க."

"படிவம் இல்லாம போட்டீங்களே?"

"அவர் குழு உறுப்பினர். குழுவுக்குப் படிவம் தேவையில்ல, குழுதானே படிவம் தருது."

"அப்ப பலகையில எண்ணு?" என்றார் ஹாஜ். "ரத்தம் வந்துச்சே."

"அவர் முடிதிருத்துநர் இல்லையே ஹாஜ். எண்பத்தொன்பது அப்படியே நிக்குது."

ஹாஜ் பஸ்யூனி ஏதோ சொன்னார். அதைப் பதிவில் ஏற்ற வேண்டாம் என்று வாரியம் ஒருமனதாகத் தீர்மானித்தது. அத்வா அசையாமல் நிற்பதைக் கண்டு டாக்டர் ஃபக்ரிக்கு மனம் இளகியது. அருகே வந்து தோளில் கை வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க. நாளைக்கு விழாவுல முதல் ஊசி உங்களுக்குத்தான். மேடையில. ஆளுநர் முன்னாடி. தொலைக்காட்சி வருது. நல்ல சட்டை போட்டுட்டு வாங்க. அந்தக் கட்டை மட்டும் அவுத்துடுங்க, கேமராவுல நல்லா இருக்காது."

வியாழக்கிழமை. வெட்டு விழுந்து மூன்றாவது நாள். நஜாத் சட்டையை இரண்டு முறை தேய்த்தாள். மகள் ஹனானும் வந்தாள், அப்பாவைத் தொலைக்காட்சிக்குப் படம் எடுப்பதைப் பார்க்க. டாக்டர் ஃபக்ரி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். முக்கியமான பகுதி இது:

"முப்பது வருஷமா முடிதிருத்துநர்களுக்காகவே வாழறேன். ஆனா ஒரு சலூனுக்குள்ளயும் இதுவரை காலடி வெச்சதில்ல. ஏன்? அன்பு ஒரு பக்கமா சாஞ்சிடக் கூடாதுன்னு! என் தலைமுடியை என் மனைவிதான் வெட்டறாங்க, கத்தரிக்கோலைக் கொதிக்க வெச்சு. எவன் கடையில என்ன வியாதியோ? இந்தப் பயம் எனக்கு இருக்கு பாருங்க, இந்தப் பயத்துலதான் இந்தத் திட்டம் பொறந்துச்சு. உலக நாடுகள் காயத்தைக் குணப்படுத்துது. நாம அதைவிடப் பெரிசா ஒண்ணு செஞ்சோம். காயத்தைப் பதியறதையே நிறுத்தினோம்!"

நீண்ட கைதட்டல். ஆளுநர் கேடயம் கொடுத்தார். பிறகு அத்வாவை மேடைக்கு அழைத்தார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, சட்டைக் கையை டாக்டர் ஃபக்ரியே சுருட்டினார். ஊசியை உயர்த்தினார். கேமராக்கள் நெருங்கின. ஊசியின் முனை தோளில் பட்டது.

பிளாஸ்டிக் மூடி கழற்றப்படவே இல்லை.

"பாஷா," என்று அத்வா உதட்டை அசைக்காமல் சொன்னார், "மூடி..."

"சிரிங்க உஸ்தா," என்று டாக்டர் ஃபக்ரி பல்லிடுக்கில் சொன்னார். "குத்தினா ரத்தம் வரும். தொண்ணூறாவது நாள் மேடையிலயே ரத்தம் வந்தா என் கதி என்ன?"

அத்வா சிரித்தார். மறுநாள் பத்திரிகைகளில் அந்தச் சிரிப்பு வந்தது. ஹனான் எழுந்து நின்று கைதட்டினாள்.

கூட்டம் பாயசத்துக்குக் கலைந்ததும் அவர் ஷவ்கத்தின் மேஜைக்கு ஓடினார்.

"பாஷா, விழா முடிஞ்சுது. இப்ப நெஜ ஊசியைப் போடுங்க."

ஷவ்கத் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "போட்டாச்சே. இதோ. அத்வா, மீத் ஸர்கான், முதல் டோஸ். ஆளுநர் சாட்சிக் கையெழுத்து."

"மூடி கழட்டவே இல்ல பாஷா! நீங்க கீழ நின்னு பாத்தீங்களே!"

"நான் பாத்தது எதுக்கு ஆகும்? ஆளுநர் கையெழுத்துக்கு மேல நான் பாத்தேனா? ஒரே டோஸை ரெண்டு தடவை போட்டா மருத்துவக் குற்றம். எனக்கே தோள் இன்னும் வலிக்குது, என்னைக் கொல்லாத."

"ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவது டோஸ் உண்டுல்ல? அதை இப்பவே போட்டுடுங்க."

"அது எப்படி? இப்பத்தானே முதல் டோஸ் போட்டிருக்கு."

நஜாத் அன்றே பக்கத்து வீட்டுக்காரரின் மைக்ரோபஸ்ஸில் அவரைக் கெய்ரோவுக்கு இழுத்துப் போனாள். அங்கே தடுப்பூசி நிலையத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நல்ல மாதிரி. அடையாள அட்டை எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இன்னிக்குக் காலையில போட்டிருக்காங்களே அங்கிள். வாழ்த்துகள், நீங்கதான் உங்க மாகாணத்துல முதல் ஆள்."

"போடலம்மா. மூடியோட..."

"திரையில இருக்கு அங்கிள்," என்றாள் அவள் வருத்தத்தோடு. "திரையில இருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

திங்கட்கிழமையோடு ஒரு வாரம் முடிந்தது.

கோடையில் நல்ல செய்திகள் வரிசையாக வந்தன. குழுவின் அறிக்கை அறுநூற்று நாற்பது பக்கத்தில் தோல் அட்டையோடு வெளியானது. சுற்றறிக்கை இருபத்திரண்டை முன்மாதிரி என்று புகழ்ந்து, திட்டத்தை இன்னும் ஏழு மாகாணங்களுக்கு விரிவாக்கினார்கள். டாக்டர் ஃபக்ரி பதவி உயர்வு பெற்றுத் தலைநகருக்குப் போனார். வழியனுப்பு விழாவில், கையுறை பற்றி ஆராய உபகுழு ஒன்று விரைவில் அமையும் என்று கண்கலங்கச் சொன்னார்.

செப்டம்பர் நான்காம் தேதி அத்வாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது.